கடற்காற்றைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி இதுதான்: மே மாத விடுமுறைக்குக் கோவையிலிருந்து அக்கா குடும்பம் சென்னைக்கு வருகிறது. கூடவே முழங்கால் வலியுள்ள அத்தை, பத்து வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகள். ஓரிரு மாலைகளில் பழைய கல்லூரித் தோழிகளும் சேர்ந்துகொள்வார்கள். வணிக வளாகங்களுக்குள் போய் அடைந்துகொள்ளாமல், யாரும் வாடி வதங்காமல், எங்கே அழைத்துப் போகலாம்?

சென்னைக் கோடையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரம். இடம் அதன் பின்னால் வரும். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை ஒன்றேதான், பிற்பகல் நான்கு மணிக்குத் தண்டனையாகவும் ஆறரை மணிக்கு வரமாகவும் இருக்கும். இந்த வித்தியாசத்தைச் செய்வது கடற்காற்று. அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் மாலைகளில் பாதி தாமாகவே அமைந்துவிடும்.

காலையிலிருந்து வெயில் ஏற ஏற, தரை கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான தரைக்கு மேலுள்ள காற்று இலேசாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் பெரும்பாலான நாட்களில் இது நண்பகலை ஒட்டியே கரையைத் தொட்டுவிடும். அதன்பின் வெப்பநிலை ஏறுவது நிற்கும். கரையோரம் முதலில் வரும், நுங்கம்பாக்கத்துக்குப் பிறகு, மீனம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இன்னும் தாமதமாக. அதனால் புறநகரில் குடியிருப்பவர்கள் தம் வீட்டு வாசலில் நிற்கும் புழுக்கத்தைப் பார்த்து, "இன்றைக்கு வெளியே போகவே வேண்டாம்" என்று முடிவு செய்யக் கூடாது. அதே நேரத்தில் பெசன்ட் நகரில் தென்னை ஓலைகள் மேற்கு நோக்கிச் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கலாம்.

மே கடைசி வாரங்களில் கதை மாறுகிறது. தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று வலுக்கிறது. அது கடற்காற்றை எதிர்த்துத் தள்ளுவதால் கடற்காற்று மூன்று, நான்கு மணிக்குத்தான் வரும். சில நாள் வரவே வராது. அப்படிப்பட்ட நாட்களில்தான் வெயில் எல்லை மீறும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது அப்படியொரு பருவத்தில்தான். பஞ்சாங்கம் சொல்லும் கத்திரி வெயில் மே 4ஐ ஒட்டித் தொடங்கி மே 28ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. ஆனால் கத்திரி முடிந்த பின்பும் சென்னையில் கொடும் வெயில் அடிப்பதற்கு இந்த மேற்குக் காற்றுதான் காரணம். எனவே விருந்தினர் எந்த வாரம் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே திட்டம் போட வேண்டும். மே முதல் பாதி என்றால் ஐந்தரைக்கே கடற்கரைக்குப் போகலாம். பின் பாதி என்றால் ஆறரைக்கு முன் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

கோவைக்காரர்களுக்கு இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் மாலைப் பொழுதைக் கழித்துப் பழகியவர்கள் அவர்கள். கோவையில் வெயில் சுட்டாலும் வியர்வை சட்டென்று உலர்ந்துவிடும். இங்கே ஈரப்பதத்தால் வியர்வை உலராது. உடல் குளிர வழியில்லாமல் களைப்பு சீக்கிரம் வரும். வந்த முதல் நாளே அவர்களை எங்கும் இழுத்துப் போக வேண்டாம் என்பதுதான் நான் சொல்லும் முதல் யோசனை. அன்று மாலைக்கு மொட்டைமாடி போதும்.

மொட்டைமாடியை ஒரு பயணமாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் குடும்பமாகக் கூடிக் களிக்க இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. வெயில் தாழ்ந்த பிறகு, ஆறு மணிவாக்கில், ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் தெளித்துவிடுங்கள். நான்கு மணிக்கே தெளித்தால் ஆவி கிளம்பிப் புழுக்கம்தான் கூடும். ஏழரைக்குக் கோரைப்பாய்களை விரிக்கலாம். அத்தைக்கு ஒரு நாற்காலி, காலை நீட்டிக்கொள்ள எதிரே ஒரு முக்காலி. அப்புறம் விளக்குகளை அணைத்துவிட்டு மேலே பார்க்கச் சொல்லுங்கள்.

மே மாதத்து முன்னிரவு வானம் ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வானம். வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம் இருக்கும். அதன் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. திருமணத்தில் அருந்ததி பார்த்த கதையை அத்தையைச் சொல்லச் சொல்லி, பிள்ளைகளில் யார் கண்ணுக்கு அது தனியாகத் தெரிகிறது என்று கேட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது. அந்த வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் கிழக்கு வானில் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்மையாகச் சித்திரை. முழுநிலா இந்தச் சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி வருவதால்தான் மாதத்துக்கே சித்திரை என்று பெயர். ஒன்பது மணிவாக்கில் தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே, திரிசங்கு என்று நம்மவர்கள் அடையாளம் காட்டும் தென்சிலுவை நிற்கும். தில்லியில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்தை உரசிக்கொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். நமக்கு நன்றாகவே தெரியும், மாடிக்குத் தெற்கே உயரமான கட்டடம் இல்லாவிட்டால்.

இரண்டாம் நாள் கடற்கரைக்குப் போகலாம். மெரினாவா, எலியட்ஸா, திருவான்மியூரா என்று கேட்டால், இந்தக் கூட்டத்துக்கு நான் எலியட்ஸைத்தான் சொல்வேன். மெரினாவின் அழகே அதன் அகலம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கே துறைமுகத்தைக் கட்டியபோது, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கம் சேரத் தொடங்கியது. மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அப்படிச் சேர்ந்த மணலைக் கடந்துதான் அலையைத் தொட வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த நடை பெரும்பாடு. அத்தைக்கு மெரினாதான் வேண்டுமென்றால், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட மரப்பாதை இருக்கிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, மறுபடி சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியோடு அலையின் அருகே வரை போகக்கூடிய வழி அது. இத்தனை காலம் சாலையோரத்திலிருந்தே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அதன் முனையில் நின்று முகத்தில் சாரல் வாங்குவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

அந்த விவேகானந்தர் இல்லத்தையே பிள்ளைகளுக்குக் காட்டி ஒரு கதை சொல்லலாம். 1842இல் அது பனிக்கட்டிக் கிடங்காகத்தான் கட்டப்பட்டது. ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், அங்கே உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியை மரத்தூள் பொதிந்து கப்பலில் ஏற்றி, கடல்களைக் கடந்து மதராஸுக்கு அனுப்பினார். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு இன்றும் நிற்கிறது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். மே மாத வியர்வையில் நின்றுகொண்டு இந்தக் கதையைக் கேட்கும் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

எலியட்ஸில் சாலைக்கும் அலைக்கும் இடையே தூரம் குறைவு. பெரியவர்கள் நடைபாதை ஓரத்துக் குட்டைச் சுவரில் உட்கார்ந்துகொண்டே பிள்ளைகளைக் கண்காணிக்கலாம். நிலத்துக்கு மேற்கே சூரியன் மறைவதால் மாலையில் வெயில் முதுகுப் பக்கம் விழும், முகத்தில் அறையாது. மே மாதத்தில் சூரியன் மறைவது ஆறரையை ஒட்டி. அதன்பின் இருபது நிமிடம் போல நல்ல வெளிச்சமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சென்னைக் கரையில் அலை திரும்பும்போது காலுக்கடியில் இழுப்பு மிக வலுவாக இருக்கும். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது அதனால்தான். எலியட்ஸ் மணலில் வெள்ளையாக நிற்கும் வளைவு, 1930இல் ஒருவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். கடலையே தொழிலாகக் கொண்டவருக்கே அந்தக் கதி. பிள்ளைகளைக் கணுக்கால் அளவுக்கு மேல் விடாதீர்கள். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பெரியவர்கள், ஆளுக்கு ஒரு கை என்று பொறுப்பைப் பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாருமே பார்க்காத ஒரு நிமிடம் வந்துவிடும், படம் எடுக்கும்போதுதான் பெரும்பாலும் அது வரும்.

இப்போது சாப்பாடு. கடைகளை மட்டுமே நம்பிப் போகாமல் கட்டுச்சோறு எடுத்துப் போங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். தோழிகளோடு ஓட்டலில் உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் இடத்துக்காகக் காத்திருப்பதிலேயே போகிறது. கோடைக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நம் சமையலறைகளுக்கு நன்றாகத் தெரியும். புளியோதரை தாங்கும். எலுமிச்சைச் சாதம் தாங்கும். தேங்காய்ச் சாதமும் தேங்காய்ச் சட்னியும் மே மாதத்தில் மூன்று மணி நேரம் மூடியிருந்தால் ஊசிப்போகும், வேண்டாம்.

தயிர்ச் சாதத்துக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குச் சாதத்தைக் குழைய வடித்து, சூட்டோடு கரண்டியால் நன்றாக மசித்துக்கொள்ளுங்கள். காய்ச்சிய பாலைச் சாதம் மிதக்கும் அளவுக்கு ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இரண்டு கரண்டித் தயிர் விட்டுக் கலந்து, உப்பு போட்டு மூடுங்கள். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளிப்பைக் கிளம்பும்போது கொட்டினால் போதும். வழி முழுக்கப் பால் மெல்ல உறைந்து, ஏழரை மணிக்குத் தூக்குவாளியைத் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். அப்படியே தயிரைக் கொட்டிப் பிசைந்துகொண்டு போனால் அதே நேரத்தில் புளித்து, தண்ணீர் விட்டு நிற்கும். தொட்டுக்கொள்ள மாவடு. வேறெதுவும் அதற்கு ஈடில்லை. வாழையிலையில் கட்டுவதானால் இலையை அடுப்புத் தணலில் இலேசாக வாட்டிக்கொள்ளுங்கள், கிழியாது. தட்டும் டம்ளரும் எவர்சில்வரிலேயே இருக்கட்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதோடு, அந்தக் குப்பை போய்ச் சேரும் கரையில்தான் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரியிலிருந்து முட்டையிட வருகின்றன.

கடற்கரைக்கே உரிய தீனியையும் விட வேண்டாம். தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தை, கரியில் சுட்டு எலுமிச்சை தேய்த்த சோளக்கதிர். பஜ்ஜி என்றால் உங்கள் கண் முன்னே எண்ணெயிலிருந்து எடுத்ததை வாங்குங்கள். ஐஸ் போட்ட பானங்களை மட்டும் பிள்ளைகளுக்குத் தவிர்த்துவிடலாம், எந்தத் தண்ணீரில் செய்த ஐஸ் என்று நமக்குத் தெரியாது. பிளாஸ்கில் மோர் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

பௌர்ணமி அந்த வாரத்தில் வந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். நிலாச்சோறு உண்ண எலியட்ஸைப் போல ஓர் இடம் அமைவது கடினம், ஏனென்றால் நம் கரை கிழக்கு பார்த்தது. நிலா கடலிலிருந்தே எழுந்து வரும். இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா எழுவதால் வானம் இன்னும் வெளுத்திருக்கும், நிலா சோகை பிடித்ததுபோல் தெரியும். நிலா நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழுவதால், பௌர்ணமிக்கு மறுநாள்தான் நன்றாக இருட்டிய பிறகு, செக்கச்செவேலென்று கடல் விளிம்பில் அது முளைப்பதைப் பார்க்கலாம். முதலில் ஒரு கீற்று, பிறகு சற்று நசுங்கிய வட்டம், பிறகு அலைகளின் மேல் நம் கால் வரை நீளும் பாதை. தோழிகளை வரச் சொல்வதற்கு அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு நாள் முழுக்க வெளியே போக வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் மாமல்லபுரம். பெரும்பாலோர் காலை எட்டுக்குக் கிளம்பிப் பதினொரு மணிக்கு அங்கே இறங்கி, வெந்து போன பாறைகளுக்கு நடுவே அலைந்து, மூன்று மணிக்குத் தலைவலியோடு திரும்புகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வீட்டிலேயே மதியம் இலேசாகச் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, மூன்று மணிக்குக் கிளம்புங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வழியெங்கும் நுங்கு விற்பார்கள். கையில் எடுத்து அழுத்தினால் மெத்தென்று உள்ளே நீர் தளும்ப வேண்டும். அப்படிப்பட்ட இளநுங்காகக் கேட்டு வாங்குங்கள், முற்றியது பிள்ளைகளுக்கு வயிற்றுவலி தரும். மெல்லிய தோலோடு சாப்பிடுவதே வேர்க்குருவுக்கு நல்லது என்று அத்தை நிச்சயம் சொல்வார். பதநீர் காலையில் குடிக்க வேண்டியது, பிற்பகலில் வாங்காதீர்கள்.

நாலரைக்கு நேராக அர்ச்சுனன் தபசுக்குப் போங்கள். அந்தப் புடைப்புச் சிற்பம் கிழக்கு பார்த்தது, அதனால் பிற்பகலில் அது முழுக்க நிழலில் இருக்கும். சாலையோரமே இருப்பதால் அத்தை அதிகம் நடக்க வேண்டியதில்லை. அவசரப்படாமல் அங்கே நில்லுங்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் தவத்தின் நடுவே குறும்பையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய யானையின் தந்தத்துக்கு அருகே, முன்கால்களைத் தூக்கி ஒரு பூனை தவம் செய்கிறது, அதைச் சுற்றி எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. அந்தப் பூனையைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் விடுங்கள். பின்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்றும் இருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்பவர் பாசுபதம் வேண்டும் அர்ச்சுனனா, கங்கையை வேண்டும் பகீரதனா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. நடுவிலுள்ள பிளவில் நாகங்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காட்டிப் பெரியவர்களைப் பேசவிட்டால் நல்ல வாதம் கிளம்பும். எனக்குப் பகீரதன் பக்கமே மனம் சாய்கிறது, அந்தப் பிளவில் தண்ணீர் விழுவதை நினைத்துப் பார்த்தால் சிற்பம் முழுதும் உயிர் பெறுகிறது.

பிறகு கடற்கரைக் கோயில். ஐந்து ரதத்துக்கும் இதற்கும் ஒரே டிக்கெட், 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. ஒரே மாலையில் இரண்டையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். மணல் நடை அதிகமுள்ள ஐந்து ரதத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் கொடுப்பதை எப்போது நிறுத்துகிறார்கள் என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள், திரும்பும்போது சாலை நெரிசலிலேயே அந்த மாலையின் சுகம் கரைந்துவிடும். வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தையும் பார்க்க நினைத்தால், அதற்கு வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள், வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்.

போக்குவரத்துக்கு ஒரு சொல்: எலியட்ஸுக்குப் போகும்போது எட்டுப் பேரும் ஒரே வண்டியில் நெருக்கிக்கொண்டு போக வேண்டாம். அத்தையோடு ஒரு சிலர் காரில் வரட்டும், பிள்ளைகளும் அக்காவும் பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கட்டும். தண்டவாளம் பெரும்பாலும் உயரத்தில் ஓடுவதால் பிள்ளைகளுக்கு அதுவே ஓர் உல்லாசம்.

மே கடைசி வாரம் வருகிறார்கள் என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கடும் வெயில் அடித்த நாளின் மாலையில் மேற்கே, பூந்தமல்லி, தாம்பரம் பக்கம், கருமேகம் திரண்டு இடிமழை நகருக்குள் வருவதுண்டு. கடற்கரையில் நாம் கடலைப் பார்த்து உட்காருவதால் முதுகுக்குப் பின்னால் மேகம் திரள்வது தெரியாது. அதனால் யாராவது ஒருவர் அவ்வப்போது மேற்கே திரும்பிப் பார்க்கட்டும். முதல் இடிச் சத்தம் கேட்டதும் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். திறந்த மணல்வெளியில் மனிதர்களே உயரமான பொருள். தள்ளுவண்டிக் கடைக் கூரையும் தனி மரமும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போன பிறகு திரும்பி வந்து மீதித் தயிர்ச் சாதத்தைச் சாப்பிடலாம்.